ரங்கம்மாள் நாடாவைக் கீழே வைத்த வியாழன்

இரண்டு. இதை ஞாபகத்தில் வையுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று பட்டுப்புடவை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் இருப்பவர் உடலுக்குக் குறுக்கு இழை போடும் நாடாவை ஓட்டுவார், வலப்பக்கம் இருப்பவர் கரைக்கு. பெயர் வாங்குவது நடு ஆள். சேவூர் சுப்பராயலு வீட்டில் வலப்பக்கம் அவன் மனைவி ரங்கம்மாள்.

அவள் பிறந்தது சேத்துப்பட்டில், மாதா கோயில் மைதானத்தை ஒட்டிய வீட்டில். பந்து விழுந்து ஓடு உடையாத மாதம் கிடையாது. கட்டிக்கொடுத்த பிறகும் கால்பந்து அவளை விடவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருஷம் தெற்காசியக் கோப்பை நடந்தது. லீக் சுற்றில் நம் அணி ஓர் ஆட்டம் ஜெயித்து ஒன்று தோற்றிருந்தது. இரண்டையும் எதிர்வீட்டு டீச்சர் சூசைமேரியின் பேப்பரில் படித்ததோடு சரி. மூன்றாவதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். வியாழன் சாயங்காலம் ஆட்டம். காலண்டரில் அன்றுதான் அமாவாசை. அமாவாசைக்குத் தறி ஓடாது. டீச்சர் வீட்டு டி.வி.யில் பார்க்க வருவதாகச் சொல்லியும் வைத்தாள்.

ஆனால் திதி வியாழன் மதியம்தான் பிறந்தது. தெருப் பெரியவர்கள் கூடி, லீவு வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டார்கள். பெண்களை யாரும் கேட்கவில்லை.

வியாழன் சாயங்காலம் ரங்கம்மாள் கரை நாடாவைக் கீழே வைத்தாள். சுப்பராயலு திட்டினான், பிறகு கெஞ்சினான். சனிக்கிழமை காலையில் முதலாளிக்குப் புடவை போயாக வேண்டும், முந்தானை பாக்கி.

"ஏம்மே, பந்தாட்டம் பாக்கவா தறிய நிறுத்துவ?"

"நீ ஓட்டிகினு இருய்யா. நானா வேணாங்கறேன்?"

அவனால் ஓர் இழைகூட ஓட்ட முடியாது. இருவருக்கும் தெரியும். ஊரைக் கூட்டி நடத்திய வேலைநிறுத்தங்களில் பாதிக்கு இந்தத் தெளிவு இருந்ததில்லை.

கொஞ்ச நேரம் தறியில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு அவனும் எதிர்வீட்டுக்குப் போனான். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. பெண்கள் இருவரும் கைதட்டியது அவனுக்குப் பேஜாராக இருந்தது.

"யாருமே ஜெயிக்கல. இன்னாத்துக்குக் கை தட்றீங்க?"

"தோக்கலயே. அடுத்த சுத்துக்குப் போயாச்சி," என்றாள் ரங்கம்மாள்.

சனிக்கிழமை அவள்தான் முதலில் தறியில் உட்கார்ந்தாள். புடவை மதியம் போனது. முதலாளி முணுமுணுத்தார், வாங்கிக்கொண்டார். தோற்றதாகச் சுப்பராயலு சொல்லவில்லை, ஜெயித்ததாக அவளும் சொல்லவில்லை. அடுத்த மாதம் லீவு பேசப் பெரியவர்கள் கூடியபோது மட்டும், செருப்பை மாட்டிக்கொண்டே, உனக்கு எந்த நாள் தோது என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனான்.

கோல் விழாத அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த புள்ளி: ஆளுக்கு ஒன்று.