ஜவ்வாது மலையில் வழி தப்பிய ஞாயிறு

என் குழந்தைக்கு வலிப்பு வந்த நேரத்தில் நான் ஜவ்வாது மலையில் ஓடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. இதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்த நன்மையை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான்.

நாங்கள் ஆரணியில் இருக்கிறோம். என் கணவர் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவர். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். ஜெசி பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். அவள் பிறந்ததிலிருந்து எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். ஓடுகிற நேரத்தில் மட்டும் மனது அமைதியாக இருக்கும். கல்லூரி நாட்களிலிருந்தே நான் ஓடுகிறவள்.

கல்யாணமான வருடம் ஜவ்வாது மலையில் நடக்கும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். ஏற்றமும் இறக்கமுமான காட்டுப் பாதை. முடிக்க ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆனது. இந்த முறை ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பிள்ளை பெற்றதால் நான் குறைந்து போய்விடவில்லை என்று காட்ட நினைத்தேன். யாருக்குக் காட்ட? யாருமே கேட்கவில்லை. எனக்கு நானேதான்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். ஆராதனையை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தல் ஏற்கெனவே இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஜெசிக்கு உடம்பு சுட்டது. அப்போது அவளுக்கு ஒன்றேகால் வயது.

"நான் போகலைங்க," என்றேன்.

"பல்லு வர்றப்ப எல்லாப் புள்ளைக்கும் சுடும். மருந்து குடுத்தாச்சு இல்ல? நீ இன்னிக்கு போகலன்னா வருஷம் பூரா என் மண்டைய உருட்டுவ. ஜல்தியா கெளம்பு, போளூர் பஸ் போயிடும்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் இன்று வரை என்னைக் குத்துகிறது. கிளம்பும் முன் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ஒன்பது மணி நேரத்துக்குள் முடிக்கக் கிருபை தாரும்" என்று ஜெபித்தேன். எழுந்திருக்கப் போகும்போதுதான் குழந்தையின் ஞாபகம் வந்து, அவளுக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை ஓட்டம் தொடங்கியது. பாதையைக் காட்ட மரக்கிளைகளில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் ரிப்பன் கட்டியிருந்தார்கள். கால்கள் நன்றாக ஒத்துழைத்தன. பாதித் தூரம் போனபோது நினைத்ததைவிட முன்னால் இருந்தேன். அதன் பிறகு கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. ரிப்பனை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஓடினேன். பாதை இரண்டாகப் பிரிந்த ஓர் இடத்தில் இடது பக்க மரத்தில் ஆரஞ்சு தெரிந்தது. திரும்பினேன். அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கடுத்த மரத்திலும். ஏறிக்கொண்டே போனேன்.

வெகுநேரமாக முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லை. சந்தேகம் வந்து ஒரு ரிப்பனைக் கையில் பிடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் இல்லை. துணி. வெயிலில் வெளுத்துப்போன சிவப்புச் சேலைக் கிழிசல். எங்கள் ஊரில் கைக்குட்டை வாங்கினால்கூடத் துணியைக் கசக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். பட்டு ஊர்க்காரி நான், அன்று நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறேன்.

துணிகள் போய் முடிந்த இடத்தில் ஒரு பெரிய மரம். அடியில் மஞ்சள் பூசிய கல், வேல்கள். மலைவாசிகளின் வேடியப்பன் கோயில் அது. மரத்தின் தாழ்ந்த கிளைகளில் சின்னச் சின்னத் துணித் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் வெறும் தொட்டில்கள். அவற்றைப் பார்த்ததும் என் மார்பு கடுத்தது. பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்திருந்தது. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

மரத்தடியில் ஒரு பெண் மஞ்சள் துணியோடு நின்றிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பக்கத்தில் அவள் கணவர் தேங்காயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, யாரு தொரத்திகினு வராங்க உன்ன?" என்றாள்.

"வழி தப்பிட்டேன்க்கா. ரிப்பனப் பாத்து வந்தேன்."

"ரிப்பனா? அது நாங்க வேண்டிகினு கட்டற துணிம்மா! புள்ளைக்கு ஒண்ணு, காணாப் போன மாட்டுக்கு ஒண்ணு. அதெல்லாம் பாத்துகினா ஓடியாந்த?" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் சட்டையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"பால் குடிக்கிற புள்ள கீதா ஊட்ல?"

"ம். அவங்க அப்பாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

"ஒடம்பு சொகமா கீதா?"

அவள் சும்மாதான் கேட்டாள். "காய்ச்சல்க்கா" என்றேன். சனிக்கிழமையிலிருந்து சூடு, சூடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்ற சொல் அப்போதுதான் முதல் முறையாக என் வாயிலிருந்து வந்தது. சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவள் என் கழுத்திலிருந்த சிலுவைச் செயினைப் பார்த்தாள். "அழுவாத. உங்க சாமிய நீ கும்பிட்டுக்க. நாங்க அந்தாண்ட திரும்பிக்கிறோம்."

வேறொரு தெய்வத்தின் மரத்தடியில் நான் கண்ணை மூடலாமா என்று அந்த நிலையிலும் எனக்குக் குழப்பம் வந்தது. அவளோ எனக்காகத் தன் சாமிக்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்றாள். நான் அந்த மண்ணில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, நேற்று நான் கேட்ட நேரம் வேண்டாம். கேட்க எனக்கு முகம் இல்லை. என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான் ஜெபித்தேன்.

எழுந்தபோது அந்த அண்ணன் வண்டிச் சாவியோடு நின்றார். "மேட்டுக்குப் போனா டவர் எடுக்கும். ஆனா வண்டியில ஏறினா உன் போட்டி போயிடுமேம்மா?"

"போகட்டும்ணா."

"நீ நடுவுல குந்து. நான் பின்னால குந்திக்கிறேன், உனுக்குக் கூச்சமா இருக்காது," என்றாள் அவள். தன் கையிலிருந்த மஞ்சள் துணியை மடித்துக் கல்லின் மேல் வைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தொட்டில் கட்ட வந்திருக்கிறாள். இன்னும் கட்டவில்லை. கட்டிவிட்டே வாருங்கள் என்றேன். "தொட்டில் எங்கயும் ஓடிடாது, ஏறு," என்றாள்.

மேட்டில் வண்டி நின்றதும் போன் விடாமல் துடித்தது. எல்லாம் அவர் கூப்பிட்ட அழைப்புகள். நான் திரும்பக் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்க? பயப்படாத. ஆஸ்பத்திரியில இருக்கோம். புள்ள நல்லா இருக்கா. இப்பத்தான் டாக்டர் பாத்துட்டுப் போனாரு."

நடந்ததை அவர் விட்டு விட்டுச் சொன்னார். ஜெசி உள்ளறையில் தூங்கியிருக்கிறாள். இவர் முன்னறையில் கம்ப்யூட்டரில் வேலையாக இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் பவர்லூம். அது ஓடும்போது எங்கள் வீட்டில் கத்திப் பேசினால்தான் காதில் விழும். திடீரென்று கரண்ட் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்தது, தறியும் நின்றது. அந்த அமைதியில்தான் உள்ளேயிருந்து 'களக், களக்' என்று ஒரு சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், காய்ச்சல் ஏறிக் குழந்தைக்கு வலிப்பு. பால் கக்கி வாயெல்லாம் நிறைந்திருந்தது. உடனே ஒருக்களித்துப் பிடித்துத் துடைத்துவிட்டு, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கக்கிய பால் மூச்சை அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"பக்கத்துலதான் இருந்தேன். எனக்கே கேக்கல பாரு," என்றார்.

நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். நான் துணிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மரத்தடியில் நான் இன்னும் முழங்காலிடவே இல்லை.

அவர்கள் இருவரும் என்னை ஓட்டம் நடத்துகிறவர்களிடம் கொண்டுபோய் விட்டார்கள். மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன். சேற்றுக் காலோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஜெசி என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். "குளிச்சிட்டாவது வந்திருக்கலாம், வார்டே நாறுது," என்றார் அவர். அவள் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓடப் போனதற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று பல நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. என்னைத் தண்டிக்க ஒரு பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிறவர் அல்ல அவர். கரண்ட் போவது எங்கள் ஊரில் அதிசயமா என்று கேட்பார்கள். அதிசயம் இல்லைதான். ஆனால் அன்று மரத்தடியில் கேட்டவள் நான். அதைத் தற்செயல் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

ஓடுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் இந்தச் சாட்சி இன்னும் அழகாக இருக்கும். விடவில்லை. காலையில் கொஞ்ச நேரம் ஓடுகிறேன். கடிகாரம் கட்டுவதில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் போகச் சொன்னாலும் வீட்டில் இருக்கிறேன். குற்ற உணர்வு போய்விட்டதா என்றால், இல்லை. சில ராத்திரிகளில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அப்போது எழுந்து ஜெபிக்கிறேன். முன்பு கேட்கத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துவிட்டுக் கேட்பேன். இப்போது யோசிப்பதில்லை. நல்ல தாயாக இல்லையே என்று வாய் மூடி உட்கார்ந்திருக்கும் சகோதரி இதைப் படித்தால், தயவுசெய்து கேளுங்கள். கண்ணீர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

பங்குனியில் நாங்கள் மூவரும் மலைக்குப் போய் அந்த அக்காவையும் அண்ணனையும் பார்த்து வந்தோம். ஜெசியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கீழே இறக்கவே இல்லை. தொட்டில் கட்டியாகிவிட்டதாம். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, "உங்க சாமிகிட்ட எனுக்கும் ஒரு வார்த்த கேளேன்," என்றாள்.

தினமும் கேட்கிறேன். நீங்களும் இன்று ஜெபிக்கும்போது, உங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொன்ன கையோடு அவள் பெயரையும் சொல்லுங்கள். அவள் பெயர் சின்னப்பொண்ணு.