தண்ணீர் வடிக்கும் நாள்

மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு மலை மட்டும் போதாது. நாளெல்லாம் காட்டில் அலைந்துவிட்டுச் சேறும் சகதியுமாகத் திரும்பியதும் சுடுதண்ணீர் வேண்டும், அதுவும் குழாயைத் திருகிய கையோடு வேண்டும். கரடியைப் பார்த்தோம் என்று ஊருக்குப் போய் அளக்கிறவர்கள், குளியலறையில் சுடுதண்ணீர் கொஞ்சம் தாமதித்தால் அந்தக் கரடியைவிட மோசமாக உறுமுவார்கள். இது விடுதி ஓனரம்மாவின் கருத்து. வாழ்நாள் முழுக்க அந்த உறுமலைக் காது குளிரக் கேட்டவள் என்பதால் மறுத்துப் பேச நமக்கு யோக்கியதை இல்லை.

தேசியப் பூங்காவின் வாசலுக்குச் சற்று முன்னால், மலைச்சாலை வளைகிற இடத்தில் இருந்தது அவள் விடுதி. வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவுக்கு முன்னும் ஒரு கார் நிற்க இடம். ஓரத்தில் ஆபீஸ், அதன் பின்னால் அவளும் கணவரும் குடியிருக்கும் ஒற்றை அறை. பனி உருகிச் சாலை திறந்தால் விடுதி திறக்கும். மறுபடி பனி விழப்போகிறது என்றால் மூடிவிடும். நடுவில் உள்ள மாதங்களில் விரிப்பைத் துவைத்து, துண்டை மடித்து, தொலைந்த சாவிக்கு வேறு சாவி தேடி, அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

விடுதி அவள் அப்பாவுடையது. ஒரு வருஷம் தண்ணீரை வடிக்காமல் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். குழாயில் நின்ற தண்ணீர் குளிரில் உறைந்து, உப்பி, சுவருக்குள்ளேயே குழாய்களை வெடிக்க வைத்துவிட்டது. சரிபண்ண வந்த இளைஞர் சுவரை உடைத்தார், குழாயை மாற்றினார், பூசினார். வேலை முடிந்தும் ஆள் கிளம்புகிற வழியைக் காணோம். கடைசியில் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டார். "என்ன குழாய்க்காரரே, இன்னும் போகலையா?" என்று அவள் சீண்டினால், "வேலை பாக்கி இருக்கும்மா" என்பார், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து விடுதியை மூடும் நாளில் அவர் வைத்ததுதான் சட்டம். முதலில் தண்ணீர் வரும் பெரிய வால்வை அடைப்பார். வெந்நீர்த் தொட்டியை வடிப்பார். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, காற்றுப் பம்பை மாட்டி, ஒளிந்திருக்கும் கடைசிச் சொட்டையும் ஊதித் தள்ளுவார். கழிப்பறைக் கோப்பைகளில் குளிரில் உறையாத சிவப்புத் திரவத்தை ஊற்றுவார். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, வாசலில் சங்கிலியை மாட்டினால் அந்த வருஷத்துக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு குழாய்கூட வெடித்ததில்லை.

கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. முதலில் ஆட்களின் பெயர் போனது. பிறகு வருஷா வருஷம் வருகிறவர்களின் முகம் போனது. ஓனரம்மா கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றாள். யாராவது அவரிடம் பேச வந்தால் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "சாருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று கூசாமல் ஒரு பொய்யும் சொல்வாள். காது நன்றாகக் கேட்கும் மனிதர் அதையும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்.

மகளிடம் மட்டும் இந்தப் பாச்சா பலிக்கவில்லை. நகரத்திலிருந்து வந்து இரண்டு நாள் தங்கியவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பா ரோட்டில் இறங்கி நடந்தால் யார் பார்ப்பது? இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

"அப்பாவை அங்க விட்டுடலாம்மா. நீ உன் லாட்ஜைப் பாத்துக்கோ. மாசாமாசம் வந்து பாரு."

"விடறதுக்கு அவர் என்ன பெட்டியாடி?" என்று ஓனரம்மா ஒற்றைக் காலில் நின்றாள். இந்த இடத்தில்தான் அவருக்கு எல்லாம் பழக்கம், இங்கிருந்து பெயர்த்தால் மனுஷன் உடைந்துவிடுவார் என்று வாதாடினாள். கடைசியில் மகள் இறங்கி வந்தாள்.

"இந்த ஒரு சீசன்தான். ஏதாவது ஏடாகூடமா நடந்துச்சு, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் எங்கிட்ட சண்டை போடக் கூடாது."

சீசன் உச்சத்தில் இருந்தது. எல்லா அறைகளும் நிரம்பி, 'இடமில்லை' என்ற பலகை ரோட்டோரத்தில் தொங்கியது. அன்றைக்கென்று துணி உலர்த்தும் மெஷின் மண்டையைப் போட்டது. ஈர விரிப்புகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கீழே இருக்கும் சலவைக் கடைக்கு ஓனரம்மா கிளம்பினாள். "சாரைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று அறை கூட்டும் பெண்ணிடம் சொன்னாள். எதற்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடுமே!

அவள் கடையில் இருந்தபோது மலை மேல் ஆலங்கட்டி மழை வெளுத்து வாங்கியது. விடுதியின் முற்றம், கூரை, ரோடு எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

திரும்பி வந்தால் வாசலில் சங்கிலி.

அறைகளின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. மெத்தைகள் சுவரில் சாய்ந்து நின்றன. விருந்தாளிகளின் பெட்டிகள் தாழ்வாரத்தில் அறைவாரியாக அழகாக அடுக்கியிருந்தன. பூங்காவிலிருந்து நனைந்து திரும்பிய கூட்டம் சேற்றுக் கால்களோடு நின்று கத்திக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் இடுப்பில் துண்டோடும் தலை நிறைய நுரையோடும் நின்றார்.

"நான் குளிச்சிட்டிருக்கேன், தண்ணி நின்னு போச்சு! கேட்டா, 'சீசன் முடிஞ்சுது சார், அடுத்த வருஷம் வாங்க'ங்கறார்!"

அறை கூட்டும் பெண் அழுதுவிடுகிற நிலையில் இருந்தாள். "சார் சொன்னார், நானும் கூடமாட மெத்தையைத் தூக்கினேன்க்கா. குழாயில ஏதோ கோளாறு, அதான் இப்படிச் செய்யறார்னு நெனச்சேன். அவ்வளவு தெளிவாச் சொன்னார்."

அவளைத் திட்ட ஓனரம்மாவுக்கு வாய் வரவில்லை. ஊருக்கே தெரியாமல் பூசி மெழுகியது யார்?

ஆனாலும் மனசு வழக்கமான கணக்கைப் போட்டது. வால்வைத் திறந்து, குழாய்களில் தண்ணீரை ஏற்றிவிட்டால் இருட்டுவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மகள் காதுக்குப் போகாது. எல்லாருக்கும் சூடாகக் காபி கொடுத்துக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளலாம். நேராகப் பின்பக்கம் போய் வால்வைத் திருகினாள். காலிக் குழாய்களுக்குள் தண்ணீர் தடதடவென்று ஓடியது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவர் ஓடி வந்தார். அப்படி ஓடி அவரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"யாரு தண்ணி விட்டது? வெளிய பனி கொட்டிக் கிடக்கு! எல்லாம் வெடிச்சுடும்! மாமா என்னை நம்பி விட்டுட்டுப் போன இடம்டி இது!"

"என்னங்க, இது பனி இல்லைங்க. மழைதான்."

அவர் கேட்கவில்லை. அறைக்கு அறை ஓடினார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். குழாயை இரண்டு கைகளாலும் பொத்தினார். கடைசி அறையின் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "என்னால முடியல, என்னால முடியல" என்று அதையே சொன்னார்.

ஓனரம்மா அந்த வாசலில் நின்று பார்த்தாள். இந்த இடம் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது என்றுதான் இத்தனை நாளும் மகளிடம் மல்லுக்கு நின்றாள். அவரோ இந்த இடத்தைத் தான் தாங்கிப் பிடிப்பதாக நினைத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

போய் வால்வை அடைத்துவிட்டு வந்தாள். சத்தம் அடங்கியதும் அவர் அழுகையும் மெல்ல அடங்கியது. பம்பை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் அறையிலிருந்து ஊத ஆரம்பித்தார். அவள் பின்னாலேயே போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டாள்.

அதற்கப்புறம் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் போன் போட்டு, எல்லாருக்கும் இடம் கேட்டு அனுப்பினாள். நுரைத்தலைக்காரர்கூட அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"லாட்ஜை மூடியாச்சு. வந்து கூட்டிட்டுப் போ."

"சீசன் நடுவுலயா? யாரும்மா மூடினது?"

"அப்பாதான். ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு ஒழுங்கா மூடியிருக்கார்."

"சரிம்மா. இல்லத்துல நாளைக்கே பேசறேன். நீ அங்கேயே இரு. அப்பாவை மட்டும்..."

"இல்லமெல்லாம் வேணாம். ரெண்டு பேரும் வர்றோம். உன் வீட்டுப் பக்கமா ஒரு சின்ன வீடு பாரு. மாடிப்படி இல்லாததா பாரு."

"அப்போ லாட்ஜு?"

"அதான் மூடியாச்சுன்னு சொன்னேனே."

ஆபீசில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியவில்லை. நாற்காலியின் பக்கத்திலேயே நின்று வாய்விட்டு அழுதாள்.

"ஏய், இதுக்குப் போயா அழுவாங்க?" அவர் எழுந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பனி உருகினதும் வந்துடலாம்."

"வந்துடலாங்க" என்றாள் அவள்.