கை நனைக்காத வீடு

என் தம்பி மகள் கூடுவாஞ்சேரியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கிக் கல்லூரிக்குப் போய்வந்தாள். ஒரு மாதக் கடைசியில், அப்பாவுக்குத் தெரியாமல், அதே ஊரிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுக்குத் தம்பி அனுப்பிய பணம் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிட்டதாம். போனில் பிரியாணி வரவழைத்தே தீர்த்திருக்கிறாள். அவன் பிள்ளை என் வாசலில் பசியோடு நிற்கிறது என்று என் மனம் முதலில் குளிர்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

என் மனைவி மாமல்லபுரம் பக்கம் மீனவக் குப்பத்துப் பெண். கல்யாணமான புதிதில், அவள் ஆசையாய் வைத்த மீன்குழம்பைப் பரிமாற வந்தபோது தம்பி இலையை மூடிவிட்டு எழுந்தான்.

"மீன் விக்கிறவ கையால துன்ன மாட்டேன். இனிமே இந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தான். அவள் கருமாதிக்கும் வந்து நின்றுவிட்டு, பந்தியில் உட்காராமல் தன் ஊரான செய்யூருக்கு பஸ் ஏறினான்.

அவன் மகளுக்குச் சமையல் கற்றுத்தர முடிவு செய்தேன். பணத்தை வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துவைக்கச் சொன்னேன். அரிசி, பருப்பு, புளியை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிப் போட்டுவிட்டால் பட்டினி வராது என்றேன். ரசமும் பொரியலும் அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. நான் அக்கறை எடுத்துக்கொண்டது மீன்குழம்பில்தான். மத்தி மலிவு என்பது நல்ல சாக்காக இருந்தது. மனைவியின் மண்சட்டியையே கொடுத்தனுப்பினேன். மீனைப் போட்டபின் கரண்டி விடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். இறக்கும்போது பூண்டை நசுக்கிப் போட்டு மூட வேண்டும். எதையும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். யார் குழம்பு என்று மட்டும் சொல்லவில்லை. லீவுக்குப் போகும்போது அப்பாவுக்கு வைத்துக்கொடு என்றேன்.

பொங்கல் லீவில் அவளே போன் செய்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் அவ்வளவு சந்தோஷம்.

"பெரிப்பா, அப்பா ரெண்டாவது தபா சோறு வாங்கித் துன்னுகினு கீறாரு."

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். தயங்கினாள். ஒன்றும் ஆகாது, கொடு என்றேன்.

"இன்னாடா, கொழம்பு எப்டி கீது? உங்க அண்ணி கொழம்புடா அது. அவ சட்டில கத்துகினுதான் உன் பொண்ணு வெச்சிருக்கா."

தட்டு தரையில் மோதிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்ததாகத் தோன்றியது. பிறகு அவள் குரல் வந்தது.

"இதுக்குத்தான் கத்துக்குடுத்தியா பெரிப்பா?"

மாதக் கடைசியில் சட்டியைத் திருப்பித்தர வந்தாள். நன்றாகக் கழுவி, துணியில் சுற்றியிருந்தாள். தன் கையிலிருந்து அப்பா இப்போது தண்ணீர்கூட வாங்குவதில்லை என்றாள். அவன் தின்றதற்கு நான் இன்றும் வருந்தவில்லை. அவள் கையால் தின்னவைத்ததற்கு வருந்துகிறேன். அதைச் சொல்ல வாய் வராமல், சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். அன்றும் அவள் முகத்தில் பசி தெரிந்தது.

"வேணாம் பெரிப்பா."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.