நம்பர் போட்ட சந்தனம்

அண்ணன் மனைவியான என் மதினியை நினைத்தால் முதலில் வருவது, கொல்லையில் குனிந்து விரல் உயரச் சந்தனக் கன்றை அவர் பிடுங்குகிற காட்சிதான். பூண்டுப் பாத்தியில் கோரையைப் பிடுங்குவதுபோல இரக்கமே இல்லாமல் பிடுங்குவார். எங்கள் மறையூர்ப் பக்கம் வீட்டு மண்ணில் சந்தனம் முளைத்தால் யாரும் பெருமைப்படுவதில்லை, பயப்படுவார்கள். பட்டா நம் பெயரில் இருக்கும். மரம் சர்க்காருக்குச் சொந்தம். ஒரு கிளையைக்கூட ஒடிக்கக்கூடாது. திருடன் வெட்டிக்கொண்டு போனால் முதலில் ஸ்டேஷன் படி ஏறுவது வீட்டுக்காரன்தான். குருவி எச்சத்தில் வந்த வம்பை முளையிலேயே தீர்த்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மதினியின் கண்ணுக்கும் ஒரு கன்று தப்பிவிட்டது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வளருகிற ஜாதி. அண்ணனுக்குத் துவரை பிடிக்கும் என்று ஒரு புதரை மட்டும் களைக்கொத்து படாமல் விட்டிருந்தார். அதற்குள் ஒளிந்துகொண்டு அது இடுப்பு உயரம் வந்துவிட்டது. நாங்கள் பார்ப்பதற்குள் வனக்காவலர் பார்த்துக் கணக்கில் எழுதிக்கொண்டு போனார். மரம் பருத்தபின் வந்து பட்டையில் நம்பரும் போட்டார். "தின்ன ஆசைப்பட்டவுகளக் கேளுங்க சார்" என்று மதினி அண்ணனைக் கைகாட்ட, "பருப்பு என்னமோ நல்லாத்தான இருந்துச்சு" என்றார் அண்ணன்.

மரம் தொடை கனம் ஆகியிருந்தபோது மாட்டுப்பட்டி இறக்கத்தில் ஜீப் கவிழ்ந்து அண்ணனின் இரண்டு கால்களும் முறிந்தன. எலும்பு சேர்ந்தும் பழைய பலம் வரவில்லை. எங்கள் வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் பதினாறு படி கீழே இருந்தன. நான்தான் அவரை முதுகில் சுமந்து இறங்குவேன். என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அண்ணன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைக் கண்டுபிடித்த அன்று மதினி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

படுக்கையறையை ஒட்டிக் கழிப்பறையோடு குளியலறை கட்ட எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சமதரை. அதன் நடுவில் அந்த மரம். மனு எழுதிக் கொடுத்தோம். காவலர் வந்து பார்த்தார். நல்ல மனுஷர், அவருக்கே வருத்தமாக இருந்தது. "மரம் தானா ஒணங்கினா டிப்பார்ட்மெண்ட் எடுத்துக்கும் சேச்சி. பச்சை மரத்துல கை வைக்க அனுமதி கெடையாது" என்றார்.

தானாக உணங்கினால், அதாவது காய்ந்துபோனால். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை நாலைந்து நாள் ஊற்றினால் எந்த மரமும் தானாக உணங்கிவிடும் என்று மதினியிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் அவர் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினார். நான் விறகு உடைத்துக் கொடுத்தேன். அந்தக் காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை.

பழந்துணியால் விளிம்பைப் பிடித்துப் பானையை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனார் மதினி. ஜன்னலோரக் கட்டிலில் இருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இந்த நேரத்துல என்னத்துக்கு வெந்நி?"

மதினி பானையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார். ஆவி முகத்தில் அடித்தது. நகரவில்லை.

"உங்களக் குளிப்பாட்டத்தான்" என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, அண்ணனத் தூக்கிட்டு வாங்க. வெளாவ ஒரு கொடம் பச்சத்தண்ணியும் கொண்டாங்க" என்றார்.

அண்ணனை மரத்தடியில் இறக்கினேன். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் கையை நீட்டி மரத்தைப் பிடித்தார். பிடித்தவர் நின்றுவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு யார் தோளும் இல்லாமல் நின்றார். மதினி தலையில் தண்ணீரை ஊற்ற ஊற்ற அவர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மரத்தை உள்ளே வைத்தே அறையைக் கட்டினோம். சுற்றிலும் தகரம், கூரையில் மரம் போக ஓட்டை. மழை வந்தால் ஓட்டை வழியாக இறங்கும். ஷவர் வைத்துவிட்டதாக அண்ணன் பெருமை அடித்துக்கொள்வார். காவலர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டு, "நம்பர் மேல சோப்பு படாமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனார்.

அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. சட்டமும் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வீட்டு மரத்தை முறைப்படி வனத்துறையிடமே கொடுத்துவிடலாமாம். போன மாதம் புதுக் காவலர் ஒருவர் மனுத்தாளோடு வந்து அதை விளக்கினார். எனக்குக்கூட நல்ல யோசனையாகத்தான் பட்டது. மதினி வேண்டாம் என்றார்.

"ஏன் சேச்சி? ஓட்டை இல்லாம நல்ல பாத்ரூமே கட்டிக்கலாமே."

"எனக்கும் முட்டு போயிருச்சு சார்" என்றார் மதினி. "இப்ப நானும் அதப் புடிச்சுத்தான் நிக்கேன்."