ராஜா இன்னும் பிறக்கவில்லை

போன வியாழக்கிழமை காலை எங்கள் குப்பத்துக்குள் ஒரு ஜேசிபி வந்தது. நாடகக் கொட்டகையை இடிக்க.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் என் பிறந்த ஊரைப் பற்றி இந்தப் பக்கத்தில் அடிக்கடி புலம்பியிருக்கிறேன். இன்று புலம்பல் இல்லை. கோபம். கொஞ்சம் கொழுப்பும் உண்டு... பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஜெர்மனிக்கு ஒரு எட்டு போய் வந்துவிடலாம். என் மகன் அங்கே ஒரு நடுத்தர ஊரில் வேலை பார்க்கிறான். சமீபத்தில் அவனிடம் போயிருந்தபோது, "வாம்மா, எங்க ஊர் தியேட்டரைக் காட்டுறேன்" என்றான். சினிமா என்று நினைத்து உற்சாகமாகக் கிளம்பினேன். போனால் – நாடக அரங்கம்! பெரிய பெரிய தூண்கள், பொன் பூசிய பால்கனி, சிவப்பு வெல்வெட் நாற்காலிகள்.

கைடு அம்மாள் அதன் கதையைச் சொல்ல, மகன் தமிழில் சொன்னான். எவரோ ஒரு பிரபு தன் விருந்தாளிகளுக்காகக் கட்டியதாம். ஒருமுறை தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டினார்கள். உலகப் போரில் குண்டு விழுந்து கூரை போனது. ஊர் ஜனங்கள் குளிரில் கோட்டு போட்டுக்கொண்டு, வெறும் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். அப்புறம் திரும்பவும் கட்டினார்கள்.

கடைசியில் வந்தது பாருங்கள் வில்லங்கம். "கூட்டமே வருவதில்லை, இடித்துவிட்டு கார் பார்க்கிங் கட்டலாம்" என்றது நகரசபை. குண்டு போட்டவனால் முடியாததை இவர்கள் முடிக்கப் பார்த்தார்கள்! ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாற்காலி காலியில்லை. அதற்குப் பிறகு இடிக்கிற பேச்சை எவரும் எடுக்கவில்லையாம்.

ஊர் திரும்பியதும் சாக்லேட்டோடு இந்தக் கதையையும் குப்பத்தில் விநியோகித்தேன்.

எங்கள் கொட்டகையில் வெல்வெட் கிடையாது. சிமென்ட் மேடை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உடைந்த படகின் மரத்தில் ஒரு உத்தரம். புயலில் கூரை பறக்கும்போதெல்லாம் ஊரே சேர்ந்து திரும்பப் போடும். திருவிழாவுக்குப் பத்து ராத்திரி நாடகம். மற்ற நாட்களில் அங்கே வலை கிடக்கும். ஆண்கள் பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டதால் இப்போது ஆண் வேஷமும் பெண்கள்தான் கட்டுகிறார்கள்.

ராஜா வேஷம் செல்விக்கு. ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலும் வசனம் ஒத்திகை பார்ப்பாள். வாய் திறக்க முடியாதே! தொண்டைக்குள்ளேயே உறுமுவாள். "ராஜா கோவமா கீறாரு, தள்ளிப் போங்கடி" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

இந்தக் கொட்டகையை இடித்துவிட்டு ஐஸ் லாரிகள் நிறுத்த இடம் செய்யப்போகிறார்களாம் அதிகாரிகள். "காலியாத்தானே கெடக்குது?" என்பது அவர்கள் வாதம். மனு கொடுத்தோம். பதில் வரவில்லை.

என் ஜெர்மனிக் கதையை முழுசாகக் கேட்ட செல்வி, "அந்த ஊரு ஜனங்க தெனிக்கும் போய் குந்திக்கினாங்க... அவ்ளோதானேக்கா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"ஏன், நமக்குக் குந்தத் தெரியாதா?"

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் நாடக விளக்கை ஏற்றிவிட்டால், கடைசி நாள் மங்களம் பாடும்வரை அது அணையக் கூடாது. அதுவரை கொட்டகையில் ஒரு துரும்பைக்கூட யாரும் அசைக்க மாட்டார்கள். திருவிழாவுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை, ஜேசிபி சத்தம் கேட்டதுமே செல்வி விளக்கை ஏற்றிவிட்டாள்!

ஏரியிலிருந்து நேராக வந்த பெண்கள் ஈரப் புடவையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். செல்வி ஈரத் தலையில் அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டு மேடையேறினாள்.

ஜேசிபியோடு வந்த சூப்பர்வைசர் கத்தினார். "இன்னாம்மா இது கூத்து? எப்போ முடியும்?"

"பத்து ராத்திரி நாடகம் சார்" என்றாள் செல்வி மேடையிலிருந்தே.

"இப்போ எதுவரைக்கும் வந்திருக்கு?"

"ராஜா இன்னும் பொறக்கவே இல்ல சார்."

"அப்போ தலையில கிரீடத்தோட நிக்கிறது யாரு?"

"இது ராஜாவோட நைனா!"

சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. "இன்னும் புள்ள பொறக்கணும், வளரணும், கண்ணாலம் கட்டணும், சண்டைக்குப் போவணும்... நெறைய கீது சார். குந்துங்க" என்றாள் செல்வி.

அவர் ஜேசிபி டிரைவர் பக்கம் திரும்பி, "நீ எடுப்பா வண்டிய!" என்றார். டிரைவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். மேடையைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"வெளக்கு எரியுது சார். நான் கை வெச்சா எங்க வூட்ல சோறு போட மாட்டாங்க." செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

'காலியாகக் கிடக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அந்த இடம் அவருக்கு வேண்டும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஜெர்மனியாக இருந்தால் என்ன, ஏரிக்கரையாக இருந்தால் என்ன?

போலீஸோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் சூப்பர்வைசர். வரட்டும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஏரிக்குப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஏரிக்குப் போகிறார்கள். எண்ணெய் ஊற்ற முறை போட்டாயிற்று. ராஜா இன்னும் பிறந்தபாடில்லை.

எனக்கும் ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார்கள் – வாயிற்காவலன். ஒரே ஒரு வசனம்தான். "யாரது? உள்ளே வர அனுமதி இல்லை!"

நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது.