விளையாட மட்டும் ஒரு கணினி

எங்கள் ஊரில் "ரெஜிபோம்" என்று சொல்லும் அந்த வெள்ளைப் பொதிப் பலகை கீச்சிட்டபடி பெட்டியிலிருந்து கழன்று வந்ததும், புது பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்த ஒரு மணம் எழுந்து, துறைமுகப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்த எண்ணெயும் உப்பும் கலந்த காற்றைத் தள்ளிவிட்டு அறை முழுவதும் நிறைந்தது. அண்ணா அதை மூச்சு நிறைய இழுத்துச் சிரித்தார். அப்பா எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார்.

அது தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. திருகோணமலை நகரில், உட்துறைமுகத்தை நோக்கிப் போகும் ஒரு தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கோப்பெழுதுகிற லிகிதர் வேலை. அண்ணா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பகலில் ஒரு தனியார் வகுப்பில் படிப்பித்துக்கொண்டு, பெறுபேற்றுக்காகக் காத்திருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. கனடாவிலிருந்த சித்தப்பா அண்ணாவுக்கு ஒரு கணினி வாங்கித் தருவதாகச் சொன்னபோது, வீட்டில் சந்தோசத்துக்கு முன்னதாக வந்தது சந்தேகம்தான். பதினெட்டு வயதுப் பொடியன் இருக்கிற வீடே அந்த நாளில் சந்தேகத்துக்குரிய வீடு. அதற்குள் ஒரு கணினியும் வந்தால், "நோட்டீஸ் அடிக்கிறியோ" என்று இராணுவம் கேட்கும். இராணுவம் கேட்காவிட்டால், "எங்களுக்கும் கொஞ்சம் அடிச்சுத் தாங்கோ" என்று மற்றப் பக்கத்திலிருந்து, இயக்கத்திலிருந்து, யாராவது வந்து நிற்கலாம்.

"கேள்வி வர முந்திப் பதிலை வாங்கி வைக்கோணும்" என்பது அப்பாவின் வழக்கமான சொல். அதன்படி அவர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். அச்சடிக்கிற இயந்திரம் கூடாது. தொலைபேசிக் கம்பியோடு தொடுக்கக் கூடாது. அது விளையாட்டுக் கணினியாக மட்டும் இருக்க வேண்டும். அந்த விளையாட்டிலும் துவக்குச் சுடுகிற சத்தம் வரக் கூடாது. படிக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தடுக்கிற தகப்பன்மார் நிறைந்த ஊரில், விளையாட மட்டும்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த தகப்பன் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நசீர் நானாவின் கடை இருந்தது. கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், அங்கே அண்ணனை "நானா" என்பார்கள்; வானொலி திருத்துவதில் தொடங்கி, கொழும்பிலிருந்து பாகங்களை எடுப்பித்துக் கணினி பூட்டிக் கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தார். நாங்கள் மூவரும் போனபோது, கண்ணாடி மேசையின் மேல் இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பென்டியம், மற்றது அதைவிட விலை குறைந்த செலரோன். கணினியின் மூளை இதுதான், இதைத் தெரிவு செய்துவிட்டால் மிச்சத்தைத் தானே பொருத்தமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அப்பா கேட்டார்.

"மூளைக்குப் பக்கத்தில ஒரு மேசை இருக்கெண்டு நினையுங்கோ ஐயா. இந்தப் பென்டியத்துக்கு மேசை பெரிசு, வேண்டிய சாமானைக் கையெட்டின தூரத்தில வைச்சுக்கொள்ளும். மற்றதுக்கு மேசை சின்னன். ஒவ்வொருக்கா எழும்பி அலுமாரிக்குப் போய்வரோணும். கார் ஓடுற விளையாட்டெண்டா அப்பிடி எழும்பி எழும்பிப் போக நேரமிராது."

அப்பா இரண்டு பெட்டிகளையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். விலை கூடியதை நானா தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தணிந்த குரலில், "கச்சேரி, கந்தோர்களில எதைப் பாவிக்கினம்?" என்றார்.

"இந்தச் செலரோனைத்தான். கடிதம் அடிக்க, கணக்குப் பாக்க இது தாராளம்."

"அப்ப அது வேண்டாம். விலை கூடினதைப் போடும்."

அண்ணா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். நல்லதை வாங்கித் தரும்படி கெஞ்சுவதற்காக இரண்டு கிழமையாக நியாயங்களைச் சேர்த்து வைத்திருந்தவர் அவர். வீடு திரும்பும் வழியில்தான் அப்பா விளக்கினார்: "கடிதம் அடிக்கிற மூளை வீட்டில இருந்தா கடிதம் அடிக்கிற வீடு எண்டுதான் ஆமிக்காரன் எழுதுவான்."

பாகங்கள் கொழும்பிலிருந்து வந்தபோது கந்தளாய்ச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்தார்கள் என்று நானா சொன்னார். அதற்குப் பிறகும் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தது. அண்ணா பொழுதுபட்டால் கார் ஓட்டினார். எனக்கு அரைமணித்தியாலம் கிரிக்கெட் விளையாட்டுக் கிடைத்தது. அம்மா மட்டும் அதன் பெயரைச் சொல்வதில்லை. "அந்தச் சாமான்" என்பார். பூவேலை செய்த ஒரு துணியால் அதை மூடி வைத்து, மாலையில் நாங்கள் துணியை எடுக்கும்போது முகத்தைச் சுளிப்பார். சில நாட்களில் துணி, முதல்நாள் இரவு நாங்கள் திரும்பப் போர்த்திவிட்ட மாதிரி இல்லாமல் வேறு மாதிரி மடிந்திருக்கும். அண்ணா என்னைச் சந்தேகித்தார், நான் அண்ணாவைச் சந்தேகித்தேன்.

ஒரு காலை, தேநீர் ஊற்றுகிற வேளையில், தெருவின் இரண்டு முனைகளையும் மறித்து இராணுவத்தின் "ரவுண்டப்", அதாவது சுற்றிவளைப்பு, தொடங்கியது. எங்கள் வீட்டுக்குள் வந்த அதிகாரி, பின்னால் ஒரு சின்ன வயதுச் சிப்பாயோடு, முன்னறையைக்கூடப் பார்க்காமல் நேரே கணினி இருந்த அறைக்குப் போனார். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

"இது என்னத்துக்கு?" என்று கொச்சைத் தமிழில் கேட்டார்.

அப்பா ஆயத்தமாக வைத்திருந்த பதிலைச் சிங்களத்தில் சொன்னார். விளையாட மட்டும். அச்சடிக்கிற இயந்திரம் இல்லை, தொலைபேசித் தொடுப்பு இல்லை. அதிகாரி கதிரையை இழுத்து அண்ணாவுக்குக் காட்டினார்.

"விளையாடு. நான் பாக்கிறது."

அண்ணா கணினியைப் போட்டு, அதிகாரிக்கு விளங்கும் என்று நினைத்தோ என்னவோ, காரை விட்டுவிட்டுக் கிரிக்கெட் விளையாட்டைத் திறந்தார். அவருடைய கண் அடிக்கடி அதிகாரியின் பக்கமே போனது. முதற் பந்திலேயே விக்கெட் போனது. அடுத்து வந்தவனும் துடுப்பைத் தூக்கமுன்னமே போனான். மூன்றாவது தடவை அவருடைய கை விசைப்பலகையில் தவறான இடத்தில் விழுந்து, விளையாட்டே மூடிக்கொண்டது.

"விளையாடத் தெரியாது," என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை; ஒன்றைக் கண்டுபிடித்தவர் மாதிரிச் சொன்னார். "அப்ப யாருக்கு இது?" அவருடைய கை அண்ணாவின் தோளில் இருந்தது. வெளியே லொறி நின்றது. அதில் ஏறிப்போன பொடியன்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

அப்போது அம்மா குசினியிலிருந்து வந்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, "தம்பி, எழும்பு" என்றார். அண்ணா எழும்பினார். அம்மா கதிரையில் அமர்ந்து, விளையாட்டைத் தானே திறந்து, அணியைத் தெரிவு செய்து, அம்புக்குறி விசைகளில் விரல்களை வைத்தார். முதற் பந்தைத் தடுத்தார். இரண்டாவதை விட்டுவிட்டார். மூன்றாவது பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது. நாங்கள் மூவரும் அம்மாவை முன்பின் அறியாதவர்கள் போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு ஓவர் முடியும் மட்டும் அதிகாரியும் பார்த்தார். பின்னாலிருந்த சிப்பாய் தன்னை மறந்து ஒரு அடி முன்னால் வந்துவிட்டான்.

அதிகாரி தோளிலிருந்து கையை எடுத்தார். அவர்கள் போனார்கள்.

"நீர் இதை எப்ப பழகினனீர்?" என்று அப்பா கேட்டார். அவருடைய குரலில் நன்றியைவிடச் சந்தேகம்தான் கூட இருந்தது.

"நீங்கள் எல்லாரும் போனாப் பிறகு பகல் முழுக்க வீட்டில நான்தானே," என்றார் அம்மா. "ரேடியோவில கேட்ட விளையாட்டை ஒருக்கா அடிச்சுப் பாத்தனான்." பிறகு குசினிக்குப் போய், ஆறிப்போன தேநீரைத் திரும்பச் சூடாக்கினார்.

அன்று பின்னேரமே அப்பா நானாவின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், யாருக்குச் சொன்னனீர் என்று கேட்டார். நானா கோபிக்கவில்லை. "ஐயா, பட்டப்பகல்ல ஓட்டோவில பெட்டியை வைச்சுக்கொண்டு உங்கட தெருவுக்கு வந்தனான். ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டது. நான் ஆருக்குச் சொல்லோணும்?" அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கிழமை அந்தச் சின்னச் சிப்பாய் தனியாக வந்தான். துவக்கை வாசற்படியில் சாத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "கிரிக்கெட்?" என்று கேட்டான். இல்லையென்று சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. கால்மணித்தியாலம் விளையாடினான், தேநீர் குடித்தான், கும்பிட்டுவிட்டுப் போனான். மறுபடியும் வந்தான். இரண்டாவது தடவை அவன் போனபின், முன்வீட்டு மாமி மதிலடிக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "எல்லார் வீட்டுக்கும் அவங்கள் உதைச்சுக்கொண்டு வாறாங்கள். உங்கட வீட்டுக்கு மட்டும் சிரிச்சுக்கொண்டு வாறாங்கள்." அந்த ஒரு கதை போதும். காட்டிக் கொடுக்கிற வீடு என்ற பெயர் வந்தால், அதை விசாரிக்க வேறு ஆட்கள் வருவார்கள்; அவர்கள் விளையாடிக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஊரில் யாரை நம்பலாம் என்று எண்ணிப் பார்த்து, கடைசியில், தான் சந்தேகப்பட்ட நானாவையே கூப்பிட்டார். நானா பெட்டியைத் திறந்து, காற்றாடியைக் கழற்றி, பக்கத்திலிருந்த சின்ன நெம்பைத் தூக்கி, பென்டியத்தை இரண்டு விரலால் எடுத்தார். பிஸ்கட் அளவுதான், அடியில் மயிரிழை மாதிரித் தங்கநிற ஊசிகள். பஞ்சில் சுற்றி ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்தார். "காலம் சரியானாப் பிறகு கொண்டு வாறன் ஐயா," என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

சிப்பாய் வந்தபோது கறுப்புத் திரையைக் காட்டினோம். பழுதாகிவிட்டது என்றார் அப்பா. முகாமில் திருத்துகிற ஆள் இருக்கிறான், கூட்டி வரட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று அப்பா கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். அவன் அப்பாவை, அம்மாவை, திரையைப் பார்த்தான். பிறகு துவக்கை எடுத்துக்கொண்டு போனான். அதன்பின் அவன் வரவேயில்லை. அந்த வருசமே அண்ணா கொழும்புக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் போனார்.

சமாதானம் என்று ஒன்று வந்த நாட்களில் நானா சொன்னபடி அதைக் கொண்டுவந்து பூட்டினார். இயந்திரம் ஒரு குறையும் இல்லாமல் உயிர்த்தது. நானா அம்மாவைப் பார்த்தார். "ஓடுதுதானே, நிப்பாட்டுங்கோ," என்றார் அம்மா.

இப்போது அந்தத் தெருமுனையில் மண்மூட்டைகளும் இல்லை, "சென்றி" என்ற காவலரணும் இல்லை. குளிர்பானக் கடையொன்று இருக்கிறது. நானாவின் கடை கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. முன்வீட்டு மாமி வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். போன மாதம் என் மகன் தன் புதுக் கணினிக்கு மூளை தெரிவு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மாவிடம், அன்றைக்குப் பிறகு ஏன் நீங்கள் ஒருநாளும் விளையாடவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் பொடியனுக்கு இருவது வயசுகூட இராது," என்றார் அம்மா. "விளையாடத்தான் வந்தவன். பிறகு சண்டையில என்ன ஆனானோ தெரியாது."

அவனுடைய பெயர் என்ன என்று கேட்டேன்.

"கேக்கேல்லை," என்றார். "கேட்டிருந்தா, ஏன் கேக்கிறியள் எண்டு அவன் யோசிச்சிருப்பான்."