டேஷ்போர்டில் நான் வைத்த முள்

கரையான்சாவடி சிக்னலில் என் கார் கொதித்து நின்ற அன்று, பின்னால் ஹார்ன் அடித்தவர்கள் பானெட்டிலிருந்து வந்த புகையைவிட ஸ்டீயரிங்கில் இருந்தது யார் என்பதைத்தான் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "லேடீஸு" என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் யாருக்கோ விளக்கம் சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார். பக்கத்து சீட்டிலிருந்த என் கணவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக. "கிளட்ச்ச மிதிச்சிகினே ஓட்டினா வண்டி என்னாத்துக்கு ஆவும்?"

நான் கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறவள் இல்லை. திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அந்த வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். லேடீஸ் கோச்சில் ஒற்றைக் காலில் நின்று போனது போதும் என்று என் சம்பளத்தில் வாங்கிய பழைய கார் அது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு ரெடியாக இருந்தது. இன்னொரு தடவை கொதித்தால் வண்டியை விற்றுவிட வேண்டும், நான் பழையபடி ரயிலில் போக வேண்டும். பூந்தமல்லியில் இருக்கும் கொழுந்தனார் அதற்குள் வாங்குகிற ஆளையே பிடித்துவிட்டார். குடும்பம் முழுக்க 'அவ ஓட்டி இன்ஜினைக் காலி பண்ணிட்டா' என்றே பேச்சு. எனக்கு வந்த கோபத்தில் அன்று நானே ஒரு ரேடியேட்டராக இருந்தேன்.

என் வேலை ஃபேக்டரியில், உலை இருக்கும் ஃபர்னஸ் செக்‌ஷனில். நாள் முழுக்க வெப்பநிலை மீட்டரின் முள்ளைப் பார்த்து, இது சரி, இது தப்பு என்று சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் காரிலோ முள்ளே கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. அது எரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். மீட்டர் மாட்டித் தரச் சொல்லி எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார், யார் பெரியவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

"இன்னாத்துக்குக்கா அதெல்லாம்? நீங்க முள்ள பாத்துகினே ஓட்டினா ரோட்ட யாரு பாக்குறது? முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்குதுல்ல, அது போதும்" என்றார்.

போதாது என்று முடிவு செய்து ஆன்லைனில் இரண்டு மீட்டர் வாங்கினேன், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்று, ஆயில் பிரஷருக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஃப்ளாட்டின் பார்க்கிங்கில் பழைய நைட்டியோடு பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் தண்ணீரான கூலண்டை வடித்துவிட்டு, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் ஓஸை பிளேடால் நடுவில் வெட்டினேன். சென்சார் உட்காரும் குழாய்த்துண்டை இடையில் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினேன். நல்லா இருக்கிற ஓஸை வெட்டுகிறாளே என்று மாடி பால்கனியில் கணவர் தலையில் கைவைத்தார். கீழே வந்து உதவலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஒயரை டேஷ்போர்டுக்குள் இழுப்பதற்குள் மணிக்கட்டு முழுக்கச் சிராய்ப்பு. இரண்டு மீட்டரையும் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டின் மேல் உட்கார வைத்துவிட்டு, புது கூலண்ட் ஊற்றி வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

அந்த ஓஸில் முள் எப்படி நகர வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் ஒரு வால்வு தடுத்து வைக்கும். தெர்மோஸ்டாட் என்பது அதுதான். அதுவரை முள் தூங்க வேண்டும், வால்வு திறந்ததும் குதிக்க வேண்டும். என் முள் தூங்கவில்லை. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெதுவாக ஏறிக்கொண்டு போனது. தடுக்க அங்கே எதுவுமே இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றேன். "அண்ணா, தெர்மோஸ்டாட் எங்க?"

"அதக் கழட்டி ரொம்ப நாளாவுதுக்கா" என்றார், எனக்கு நல்லது செய்த பெருமையோடு. "நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு? வர்ற வண்டிக்கெல்லாம் அதான் பண்றேன். சார்தான் கழட்டச் சொன்னாரு, யாரோ ஆபீஸ்ல சொன்னாங்கன்னு."

சார் என்றால் என் கணவர்.

வேறு வண்டிகளில் என்னவோ, என் வண்டி இன்ஜினில் அந்த வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்ஜின் சூடேறிய பின், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைப்பதும் அதுதான். அது இல்லாவிட்டால் காலி ரோட்டில் ஒன்றும் தெரியாது, நெரிசலில் நின்றால் கொதிக்கும். இத்தனை நாளும் என் காலைத்தான் குற்றம் சொன்னார்கள். அங்கேயே நின்று புது வால்வு மாட்ட வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவரிடம் கேட்டேன். "எல்லாரும் கழட்டுறாங்க, நானும் சொன்னேன்" என்றார். கொதித்த அன்று அது ஞாபகம் வரவில்லையா என்றதற்கு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். வண்டியை வாங்குகிறவரும் அங்கே வருவார் என்றார்கள். நான்தான் ஓட்டினேன். ஆவடி தாண்டி, பாரிவாக்கம் தாண்டி, கரையான்சாவடியில் அதே சிக்னல், அதே வெயில், நகராத அதே வரிசை. முள் ஏறியது. ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் கணவர்தான்.

"எதுக்கும் ஏசிய ஆஃப் பண்ணேன்" என்றார்.

நான் இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். ரேடியேட்டர் ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. முள் நின்றது, யோசித்தது, இறங்கியது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"உங்க தம்பிக்கு போன் போடுங்க" என்றேன்.

"எதுக்கு? இதோ போய்ச் சேர்ந்துடுவோமே."

"இப்பவே போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வண்டி விக்கல, அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடு" என்றார். ஏன், என்ன ஆச்சு என்று தம்பி கேட்டார். இவர் என் பக்கம் திரும்பினார். நான் முன்னாலிருந்த லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"மிச்சத்தையும் சொல்லுங்க."